பாரிஸில் ஒற்றை ஆளாக எட்டு நாள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். வயது நாற்பத்தொன்று, திருச்சியில் வங்கி வேலை, அக்டோபர் இரண்டாம் வாரத்தில் எட்டு நாள் பாரிஸ், முதல்முறையாகத் தனியாக வெளிநாடு. சைவம். அம்மாவுக்கு மனமே இல்லை. "ஒரு பெண் தனியாகப் போகக்கூடிய ஊர்தானா அது? எங்கே தங்குவது? தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?"

தாராளமாகப் போகலாம். நான் மூன்று முறை போயிருக்கிறேன், மூன்றும் தனியாக. அதில் ஒருமுறை நான்கு மாதம் தங்கினேன். பயமே வேண்டாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் பயப்படச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். நம் வீடுகளில் பெண் தனியாகக் கிளம்பினால் பயத்தைக் கட்டுச்சோறு மாதிரி மூட்டை கட்டிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வழியெல்லாம் அதையே பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்போம். பாரிஸில் பயத்துக்கு வேலை உண்டு. ஆனால் அது முதல் நாள் இரவிலும், ரயில் கதவோரத்திலும், கையில் பிடித்திருக்கும் கைப்பேசியிலும்தான். மற்ற இடங்களில் அதைப் பையில் போட்டுவிடலாம்.

முதலில், போய் இறங்கும் நேரம். டிக்கெட்டில் இரண்டாயிரம் ரூபாய் குறைகிறது என்று நள்ளிரவில் இறக்கிவிடும் விமானத்தைப் பிடிக்காதீர்கள். காலையிலோ பிற்பகலிலோ சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கும்படி பாருங்கள். அங்கிருந்து ஊருக்குள் 'ஆர்.இ.ஆர். பி' என்ற ரயில் போகிறது. 2025-இல் டிக்கெட் 13 யூரோ, ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும். பகல் வெளிச்சமும் ஒரே பெட்டியும் என்றால் ரயில் போதும். இரண்டு பெட்டி, தூக்கக் கலக்கம், மழை என்றால் டாக்சிதான். அதற்கு அரசு நிர்ணயித்த ஒரே கட்டணம் இருக்கிறது: செய்ன் நதியின் வலது கரைக்கு, அதாவது ஊரின் வடபாதிக்கு, 56 யூரோ, தென்பாதியான இடது கரைக்கு 65, இதுவும் 2025 கணக்கு. பேரத்துக்கே இடமில்லை. வெளியே டாக்சி என்று பலகை வைத்த வரிசையில் நின்று ஏறுங்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போதே "டாக்சி, மதாம்?" என்று மெல்லிய குரலில் கேட்டபடி கூடவே நடக்கிறவரைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். உண்மையான டாக்சிக்காரர் வண்டியை விட்டு இறங்கி வந்து ஆள் பிடிக்க மாட்டார்.

எந்தக் கிழமையில் இறங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். மெட்ரோ, பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் பொதுவான நவிகோ வாரப் பயண அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். வியாழக்கிழமை வாங்கினாலும் ஞாயிறோடு முடிந்துவிடும். ஞாயிறு மாலையோ திங்கள் காலையோ போய்ச் சேர்ந்தால் முழுப் பணத்துக்கும் பயன் உண்டு. திங்கள் காலை இறங்கினால் விமான நிலைய ரயிலும் அதிலேயே அடக்கம். அட்டைக்கு ஒரு சிறிய புகைப்படம் வேண்டும். திருச்சியிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.

தங்குமிடத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதல் இரண்டு இரவுகளாவது, இருபத்து நான்கு மணி நேரமும் வரவேற்பறையில் ஆள் இருக்கும் சிறிய ஹோட்டலில் தங்குங்கள். வாடகைக் குடியிருப்பு மலிவாக இருக்கலாம், படமும் அழகாக இருக்கலாம். ஆனால் பாரிஸ் கட்டடங்களில் தெருக்கதவைத் திறக்க எண்பலகையில் குறியீட்டை அழுத்த வேண்டும். நீங்கள் கைப்பேசி வெளிச்சத்தில் எண்ணைத் தேடி அழுத்தும்போது பின்னாலேயே ஒருவர் வந்து கதவைப் பிடித்துக்கொள்வார். பெரும்பாலும் மூன்றாம் மாடிக்காரராகத்தான் இருப்பார். ஆனால் புதிய ஊரில் இரவு பத்து மணிக்கு 'பெரும்பாலும்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

எந்தப் பகுதி? பாரிஸ் இருபது வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. நடுவில் ஒன்றில் தொடங்கி நத்தை ஓட்டைப் போல வலமாகச் சுழன்று இருபதில் முடியும். அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு எண்களே வட்டார எண். 75005 என்றால் ஐந்தாவது. முதல் பயணத்துக்கு நான் சொல்வது அந்த ஐந்தாவதைத்தான். சொர்போன் பல்கலைக்கழகம் இருக்கும் லத்தீன் பகுதி அது. மாணவர்கள் இருப்பதால் இரவு பதினொரு மணிக்கும் தெருவில் ஆள் நடமாட்டம், கையில் புத்தகத்தோடு தனியாக நடக்கும் பெண்கள். மூன்று, நான்கில் இருக்கும் மாரே பகுதியும் நல்லதுதான், வாடகை கடிக்கும். பதினைந்தாவது குடும்பங்கள் வாழும் அமைதியான இடம், கொஞ்சம் சலிப்பு. கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய ஹோட்டல்கள் விலையில் ஆசை காட்டும். பகலில் ஒன்றுமில்லை, ஆனால் இரவு அங்கே பெட்டியை இழுத்துக்கொண்டு முகவரி தேடாதீர்கள். இரவில் ரயில் மாறுவதற்கு ஷாத்லே நிலையத்தையும் தவிர்த்துவிடுங்கள். அதன் சுரங்க நடைபாதைகள் முடிவதே இல்லை.

இனி என் கைப்பேசி போன கதை. மெட்ரோவில் கதவோரமாக நின்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலையம் வந்தது, கதவு திறந்தது, இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். கதவு மூடப்போவதற்கான மணி ஒலித்தது. அந்த மணி ஓயும் நொடியில் ஒரு கை வந்தது. கதவு மூடியபோது நான் உள்ளே, கைப்பேசி வெளியே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ஓடக்கூட இல்லை; நடந்துதான் போனான். எதிரில் இருந்த மூதாட்டி, "கதவோரத்தில் எடுக்கவே கூடாது, மதாம்" என்றார், பாலைப் பொங்க விட்ட மருமகளிடம் சொல்கிற தொனியில்.

அவர் சொன்னதுதான் விதி. கதவோரத்தில் கைப்பேசி வேண்டாம். காபிக்கடையில் தெருவோர மேசைமேல் வைக்க வேண்டாம். வழி பார்க்க வேண்டுமென்றால் ஒரு கடை வாசலுக்கு ஒதுங்கிச் சுவரில் முதுகு சாய்த்துப் பாருங்கள். பை குறுக்காகத் தொங்கட்டும், ஜிப் முன்பக்கம் இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் ஒரு வங்கி அட்டையும் அறைப் பெட்டகத்திலேயே கிடக்கட்டும். கூட்டமான ரயிலில் நாகரிகமாக உடுத்திய நான்கைந்து இளம்பெண்கள் உங்களைச் சுற்றி நெருக்கினால் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுங்கள். பெண்கள்தானே என்று நாம் தளர்வோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மற்ற தந்திரங்களெல்லாம் பழைய நாடகங்கள். மோன்மார்த்ர் குன்றில் சாக்ரே கேர் தேவாலயப் படிகளின் கீழே, சிரித்துக்கொண்டே உங்கள் விரலில் வண்ண நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுப் பணம் கேட்பார்கள்; கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஏறுங்கள். காது கேளாதோருக்காக என்று கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டுவார்கள். அந்த அட்டைக்கு அடியில் ஒரு கை பையைத் துழாவும். நதிக்கரையில் உங்கள் காலடியில் ஒருவர் 'தங்க' மோதிரத்தைக் கண்டெடுப்பார். அந்த மோதிரத்தை ஒரே பிற்பகலில் இரண்டு பேர் என் காலடியில் கண்டெடுத்தார்கள். யாருடனும் விவாதிக்க வேண்டாம். நடை நிற்காதவரை அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆண்கள்? உங்கள் அம்மாவின் உண்மையான கேள்வி இதுதான் என்று தெரியும். தெருவில் பேச்சுக் கொடுப்பவர்கள் உண்டு. "அழகாக இருக்கிறீர்கள், காபி சாப்பிடலாமா?" என்று கேட்பார்கள். நம் ஊரில் பழகிய தற்காப்பு, சங்கடமாகச் சிரித்துவிட்டு நகர்வது; அங்கே அந்தச் சிரிப்புக்குச் சம்மதம் என்று பொருள் எடுத்துக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். சிரிக்காமல், "நோன், மெர்சி", அதாவது வேண்டாம், நன்றி என்று ஒருமுறை மட்டும் சொல்லிவிட்டு நடந்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் பக்கத்துக் கடைக்குள் நுழையுங்கள். 'அஞ்சலா' என்ற பெயரோடு வில்லை ஒட்டிய கடைகளிலும் காபிக்கடைகளிலும் "அஞ்சலா எங்கே?" என்று கேட்டால், உங்களுக்கு உதவி தேவை என்று ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள். ரயிலில் தொல்லை என்றால் 3117 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், 31177-க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். காவல்துறைக்கு 17; எதுவும் நினைவில்லை என்றால் 112. தெருவில் பெண்ணை இழிவாகப் பேசுவதற்கு அபராதம் விதிக்கும் சட்டம் 2018-இல் வந்தது. சட்டம் வந்ததால் வாய்கள் மூடிவிடவில்லை. ஆனால் புகார் சொன்னால் யாரும் "நீ ஏன் அங்கே போனாய்?" என்று தொடங்குவதில்லை என்பதே எனக்குப் பெரிய மாற்றமாக இருந்தது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் பாரிஸ்காரர்கள் முரடர்கள் என்று திரும்பி வந்து சொல்கிறவர்கள் அதிகம். கடையோ, பஸ்ஸோ, மருந்தகமோ, எங்கே நுழைந்தாலும் வாயில் முதலில் வர வேண்டியது "பொன்ஜூர், மதாம்" அல்லது "பொன்ஜூர், மொஸ்யு". அதன் பிறகுதான் கேள்வி. நேராக ஆங்கிலத்தில் விலை கேட்டால், ஒருவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்த மாதிரி அவர்களுக்கு.

தனியாகச் சாப்பிடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்காகவே கட்டிய ஊர் அது. காபிக்கடை நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்து இருப்பதில்லை. திரையரங்கு போல வரிசையாகத் தெருவைப் பார்த்து இருக்கும். எதிரே ஆள் இல்லை என்ற உணர்வே வராது, தெருதான் எதிரே உட்கார்ந்திருக்கிறது. ஒரு காபியை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் இருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். கவுன்டரில் நின்று குடித்தால் விலை குறைவு, உட்கார்ந்தால் கூடுதல். சாப்பிடும்போது தண்ணீர் புட்டி வாங்காதீர்கள். "ஊன் கராஃப் தோ" என்றால் குழாய்த் தண்ணீரைக் குடுவையில் இலவசமாகத் தர வேண்டும். உணவக அடுப்புகள் மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை, பிறகு இரவு ஏழு மணிக்கு மேல்தான். நான்கு மணிப் பசிக்கு ரொட்டிக்கடைதான் கதி. மோசமான கதியும் அல்ல.

சைவத்துக்குக் கொஞ்சம் விழிப்பு வேண்டும். சாலட் என்று எழுதியிருக்கும். மேலே பன்றி இறைச்சித் துணுக்குகள் தூவி வரும். வெங்காய சூப் என்ற பெயரை நம்பிக் குடிக்காதீர்கள், அதை வழக்கமாக மாட்டிறைச்சிச் சாற்றில்தான் செய்வார்கள். "சான் வியாந்த், சான் புவாசோன்", அதாவது இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம் என்றால் மீன் கொண்டுவருவார்கள். மாரேயில் ரோசியே தெருவில் ஃபலாஃபெல் என்ற கொண்டைக்கடலை வடை விற்கும் கடைகள் இருக்கின்றன. யூதர்களின் தெரு என்பதால், அவர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தைச் சுற்றி, பிரான்சின் மேற்குக் கோடியில் இருக்கும் பிரெத்தான் பகுதித் தோசைக்கடைகள். நான் வைத்த பெயர்தான் தோசை. அவர்கள் கலெத் என்பார்கள். பிரெத்தான் ரயில்கள் வந்து நிற்கும் நிலையம் என்பதால் அந்த மக்கள் அங்கேயே கடை போட்டுவிட்டார்கள். கிட்டத்தட்டக் கேழ்வரகு தோசை நிறத்தில் மொறுமொறுப்பாக, உள்ளே பாலாடைக்கட்டியோடு நான்காக மடித்து வரும். பன்றித் துண்டு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

நான்காம் நாள் வாய் சாம்பார் கேட்கும். அப்போது லா சப்பலுக்குப் போங்கள். கார் து நோரிலிருந்து நடக்கும் தூரம்; ஃபோபூர் சான் தெனி தெருவின் மேல்முனையில் திரும்பிய பக்கமெல்லாம் தமிழ்ப் பலகைகள். முருங்கைக்காய், கொத்து ரொட்டி, நகைக்கடை, முடிதிருத்தகம். போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள் உருவாக்கிய தெரு அது. பக்கத்திலேயே பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம். கோடை முடிவில் அதன் தேர் வரும்போது அந்தத் தெருக்கள் முழுக்கத் தேங்காய்ச் சிதறல். நீங்கள் போகும்போது திருவிழா முடிந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், நான்கு மாதத்தில் எந்தப் பிரெஞ்சுக்காரரும் கேட்காத கேள்வியை அங்கேதான் கேட்டார்கள். வடை கட்டிக்கொடுத்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "தனியாகவோ வந்தீர்கள், பிள்ளை?" என்றார். ஆமாம் என்றேன். "அவர் வரவில்லையோ?" அவர் என்று ஒருவர் இல்லை என்றேன். சற்று நேரம் யோசித்தவர், பொட்டலத்தைப் பிரித்து இன்னும் இரண்டு வடை போட்டுக் கட்டினார். பணம் வாங்கவில்லை.

ஊர் சுற்றுவது பற்றி. ஐஃபெல் கோபுரம், ஓவியம் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். விரைவாகச் சில குறிப்புகள்: அருங்காட்சியகங்களில் லூவர் செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஓர்சே திங்கள்கிழமை விடுமுறை, புதன், வெள்ளியில் லூவர் இரவு ஒன்பது வரையும் வியாழனில் ஓர்சே ஒன்பதே முக்கால் வரையும் திறந்திருக்கும், கூட்டம் குறையும். 2026 ஜனவரி முதல் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு லூவர் கட்டணம் 32 யூரோ ஆகிவிட்டது. வயிறு எரிந்தால், ஊரின் வரலாற்றைச் சொல்லும் கர்னவாலே அருங்காட்சியகத்தின் நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணமே இல்லை. 2019-இல் தீப்பிடித்த நோத்ர் தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறந்துவிட்டது, அதுவும் இலவசம். சோழர் கால நடராசரைப் பார்க்க மனமிருந்தால் கிமே அருங்காட்சியகம்.

ஆனால் தனியாகப் போகிற பெண்ணுக்கு நான் சொல்லும் நடை வேறு. பாரிஸ் தெருவில் பெண் தனியாக, விரும்பியபடி நடப்பது ஒன்றும் காலங்காலமாக இருந்த வழக்கம் அல்ல. 1800-இல் அந்த ஊரின் காவல்துறை ஒரு ஆணை போட்டது: பெண் கால்சட்டை அணிய வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். 1830-களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் சாந்த் என்ற ஆண்பெயரில் எழுதிய பெண் எழுத்தாளர் ஆண் உடையும் இரும்புக் குதிகால் வைத்த பூட்ஸும் போட்டுக்கொண்டு ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். பெண்களின் மெல்லிய காலணிகள் அந்தத் தெருக்களில் இரண்டே நாளில் கிழிந்துபோயின என்பதும் ஒரு காரணம். பின்னாளில் அந்த ஆணையைத் தளர்த்தினார்கள், எப்படித் தெரியுமா? சைக்கிளின் கைப்பிடியோ குதிரையின் கடிவாளமோ கையில் இருந்தால் கால்சட்டை அணியலாம்! அது செல்லாது என்று அரசு முறையாகச் சொன்னது 2013-இல்.

ஐந்தாவது வட்டாரத்தில் தங்கினால் இன்னொருத்தியின் பாதையும் காலடியிலேயே இருக்கிறது. 1891-இல் இருபத்து நான்கு வயதில் போலந்தின் வார்சாவிலிருந்து ரயிலேறித் தனியாக வந்த மரியா ஸ்க்வோதோவ்ஸ்கா, பிற்பாடு மேரி கியூரி. இதே லத்தீன் பகுதியில் ஒரு கூரையடி அறையில் படித்தாள். குளிர்காலத்தில் பாத்திரத்துத் தண்ணீர் இரவில் உறைந்துவிடும். இருக்கிற உடைகளையெல்லாம் போர்வைக்கு மேல் குவித்துக்கொண்டு தூங்கினாள். அவள் இயக்கிய ஆய்வுக்கூடம் இன்று சிறிய அருங்காட்சியகம், அனுமதி இலவசம், பிற்பகலில் திறக்கும். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால், பிரான்சு தன் பெரியோர்களை அடக்கம் செய்து மரியாதை செய்யும் பாந்தியோன். முகப்பில், மாபெரும் ஆண்களுக்குத் தாயகத்தின் நன்றி என்று செதுக்கியிருக்கிறது. தன் சாதனைக்காக அங்கே இடம்பெற்ற முதல் பெண் கியூரி, அதுவும் 1995-இல்தான். நிலவறைக்கு இறங்கி அந்தக் கல்லறை முன் நின்றேன். பெட்டிக்கு உள்ளே ஈயத்தகடு வைத்திருக்கிறார்களாம், கதிர்வீச்சுக்காக. ஊரில் யாரும் சொல்லித்தராத ஒரு துணிச்சல் எனக்கு அங்கே வந்தது, ஏனென்று விளக்கத் தெரியவில்லை.

கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன்: கழிப்பறை. தெருவோரத்தில் கூண்டுகளாக நகராட்சிக் கழிப்பறைகள் இருக்கின்றன, இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடி, உள்ளே தண்ணீர் பாய்ந்து தானாகக் கழுவும். அதன் பிறகுதான் அடுத்தவருக்குத் திறக்கும். முன்னால் போனவர் நல்லெண்ணத்தோடு கதவைப் பிடித்துக்கொண்டால் உள்ளே நுழைந்துவிடாதீர்கள், இன்னும் கழுவியிருக்காது. குடிநீருக்கு, நான்கு பெண்கள் கூரையைத் தாங்கி நிற்கும் பச்சை நிற வாலஸ் நீரூற்றுகள்; 1872 முதல் தெருமுனைகளில் நிற்கின்றன. காலி புட்டி ஒன்று பையில் இருக்கட்டும்.

கடைசியாக அம்மா. தினமும் தூங்குமுன் அழைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே இரவு பத்து என்றால் திருச்சியில் ஒன்றரை மணி. ஒருநாள் தாமதமானாலும் வீடே விழித்திருக்கும். அக்டோபர் நடுவில் மூன்றரை மணி நேர வித்தியாசம். அம்மாவின் ஒன்பது மணி உங்களுக்கு மாலை ஐந்தரை. அந்த நேரத்துக்கு லுக்சம்பூர் தோட்டத்துக்குப் போய்விடுங்கள். பச்சை நிற இரும்பு நாற்காலிகள் இறைந்து கிடக்கும். பிடித்த ஒன்றை இழுத்துக் குளத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம், காசில்லை. சுற்றிலும் பிரான்சின் ராணிகளும் பெயர்பெற்ற பெண்களுமாக இருபது கற்சிலைகள். வீடியோவில் ஒவ்வொருவராகக் காட்டுங்கள், கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. இருட்டுவதற்கு முன் காவலாளி விசில் ஊதிக்கொண்டே எல்லோரையும் வெளியே அனுப்புவார். அந்தச் சத்தம் அம்மாவுக்கும் கேட்கும்.